கதவுக்கு முட்டுக் கொடுத்த டிஸ்க்

சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. சத்தியம். இருந்தால், மேடவாக்கம் முழுக்கத் தண்ணீர் லாரி வந்து, நம் தெருவுக்கு மட்டும் இன்றிரவு வராமல் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள்.

மணி பன்னிரண்டு. பகல் பன்னிரண்டு...

"பகல்ல பேயா சார்?" என்று எதிர்வீட்டு சுகுமார் சிரித்தார். சிரிக்கட்டும். இருட்டில் எந்தப் பேயும் வரும். கத்திரி வெயிலில் ஒன்று கிளம்பி வருகிறதென்றால், அதற்கு ஏதோ அவசர வேலை இருக்கிறது.

கேளம்பாக்கத்தைத் தாண்டி, உப்பளத்தை ஒட்டி ஓர் ஒற்றை ரோடு. ஆள் கிடையாது. நிழல் கிடையாது. காற்றில் உப்பும் சேறும் கலந்த வாடை. அதில் பைக்கை விரட்டிக்கொண்டு போனான் ஃபைஸ். சேலையூரில் இருக்கும் என் நண்பர் அயூபின் தங்கை மகன். கால் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை, சாப்பிடும்போதும் ஆட்டுவான்.

ரோட்டின் கடைசியில் அவன் வேலை பார்க்கும் ஒரு குளிர் அறை. உள்ளே மூன்று கம்ப்யூட்டர் பெட்டி. பெட்டிக்கு ஒரு டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள், நமக்கு அது போதும். ஸ்கேன் சென்டர்கள் எடுக்கும் படமெல்லாம் அங்கே வந்து சேரும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நகல், பெட்டிக்கு ஒன்று. மூன்று டிஸ்கும் 'எழுதிவிட்டேன்' என்று சொன்னால்தான் படம் சேர்ந்ததாக அர்த்தம்.

அதை அமைத்தவர் தட்சிணாமூர்த்தி. மூன்றும் அந்தக் காலத்துச் சுற்றுகிற ஹார்டு டிஸ்க். மனிதரும் அப்படித்தான், நிதானம். ஒரு வேலை முடிந்தால் மறுபடி முதலிலிருந்து சரிபார்ப்பார். ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. ஒரு தும்மல். பிறகு, "ம்... ஆச்சு." அந்த 'ஆச்சு' வரும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. போன தை மாதம் தவறிப்போனார்.

அவர் போனதும் முதலாளி கேஷவ் புதிதாக எஸ்.எஸ்.டி டிஸ்க் வாங்கினார். சுற்றாது, சத்தம் போடாது, மின்னல். ஃபைஸ் இரண்டு பெட்டியில் அதை மாட்டினான். மூன்றாவதில் பழசே இருந்தது. வேகம் ஓர் இம்மிகூட ஏறவில்லை. முன்னால் கூட்ஸ் வண்டி ஊர்ந்தால், பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் தாம்பரம் அவுட்டரில் நிற்க வேண்டியதுதானே.

கேஷவ் போனில் பிடித்துக்கொண்டார். "புது டிஸ்க் வாங்கியும் அதே மாட்டு வண்டியா? சாயந்தரத்துக்குள்ள ஓடணும் ஃபைஸ்."

அதனால்தான் அந்த வெயிலில் ஓடினான். அறை வாசலில் கன்னியம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க வூட்டுக்காரர் படம் இதுல தானே கீது? காலைல ஆபரேஷன். மறுபடி மருந்து ஏத்தி எடுத்தா அவரு உடம்பு தாங்காதுன்ட்டாரு டாக்டரு."

"மூணு இடத்துல இருக்குக்கா. மூணும் ஒண்ணாப் போகாது."

சொல்லிவிட்டுப் பழைய டிஸ்கை நிறுத்தினான். நோயாளிகளின் படம் என்பதால், அழித்த பிறகுதான் கழற்றவேண்டும் என்று விதி. அந்த ஒரு விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தான். காலி டிஸ்கைக் கன்னியம்மாவிடம் கொடுத்தான். அவர் அதைக் கதவுக்கு முட்டாக வைத்துக்கொண்டார். அதன் இடத்தில் மூன்றாவது எஸ்.எஸ்.டி. இனி மற்ற இரண்டிலிருந்து நகல் இதற்குள் இறங்கவேண்டும். இறங்கி முடிந்த பிறகு பழையதை எடுத்திருக்கவேண்டும். தட்சிணாமூர்த்தி அப்படித்தான் செய்வார். ஆனால், அவருக்குக் கால் ஆடாது.

இறங்கத் தொடங்கியது...

ஒரு சிவப்பு விளக்கு. உடனே இன்னொன்று. படம் இருந்த இரண்டு புது டிஸ்கும் செத்துவிட்டன.

ஒரே நாளில், ஒரே கட்டாக வாங்கிய டிஸ்குகள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே போய்விட்டன. பழைய டிஸ்க் சாவதற்கு ஒரு மாதம் முன்பே முனகிக் காட்டும். இவை மூச்சுக்கூட விடவில்லை.

ஃபைஸின் கால் நின்றது. பிறந்ததிலிருந்து முதல் தடவை.

அப்போது கேட்டது... டிக். டிக். கிர்ர்ர்... டிக்.

பெட்டிக்குள் சுற்றுகிற டிஸ்க் ஒன்றுகூட இல்லை. ஏ.சி காற்றில் மூக்குப்பொடி நெடி. திரையில், நின்றிருந்த எண் மெல்ல நகர்ந்தது. படம் இறங்குகிறது. எங்கிருந்து? அவன் கையாலேயே அழித்துக் கழற்றினானே, அந்த டிஸ்கின் பெயரைக் காட்டியது திரை.

"சார்..." வாசலிலிருந்து கன்னியம்மா. "இந்த டப்பா இன்னாத்துக்கு இப்டி கொதிக்குது? ஒயரு கூட இல்ல."

போய்ப் பார்த்தான். துடைத்த தரை இன்னும் ஈரம். டிஸ்கைச் சுற்றி மட்டும் ஒரு முழம் காய்ந்திருந்தது.

"எடுத்துராதீங்கக்கா."

"எடுத்தா?"

"தெரியல."

"அப்ப கதவ எப்டி சாத்துறது?"

"சாத்தாதீங்க."

இருவரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். டிக்... கிர்ர்ர்... வெளியே உப்பளத்தில் வெயில் சாய்ந்தது. கேஷவ் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஃபைஸ் எழுந்தான், உட்கார்ந்தான், நகத்தைக் கடித்தான். இன்னும் நூற்றுக்கணக்கில் படங்கள்.

"எங்க வூட்டுக்காரர் வந்துட்டாரா சார்?"

"இன்னும் இல்லக்கா."

"அவரு எங்கயுமே நேரத்துக்கு வந்ததில்ல."

கடைசிப் படம் கன்னியம்மாவின் வீட்டுக்காரர் சவுரிமுத்துவுடையதுதான். பாதி இறங்கி நின்றது... நின்றே இருந்தது. சரிபார்க்கிறார் என்று ஃபைஸுக்குப் புரிந்தது. மறுபடி முதலிலிருந்து. டிக்... டிக்... முழுதாக இறங்கியது.

சத்தம் நின்றது. பெட்டிகளுக்குப் பின்னால், ஆள் நுழைய முடியாத இடுக்கிலிருந்து ஒரு தும்மல்.

தட்சிணாமூர்த்தி தும்மும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிக் கன்னியம்மாவுக்குப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நூறாயுசு சார்."

"ம்... ஆச்சு" என்று பதில் வந்தது.

சவுரிமுத்துவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடமாடுகிறார், எங்கேயும் தாமதமாகவே. அந்த டிஸ்கை இப்போது யாரும் கதவுக்கு வைப்பதில்லை. கன்னியம்மா சாயந்தரமானால் ஒரு துணியை நனைத்து, பிழியாமல் அதைச் சுற்றிவைத்துவிட்டுப் போகிறார். காலையில் வந்து பார்த்தால்... துணி இஸ்திரி போட்டதுபோல் மொடமொடவென்று இருக்கும்.

இதை நான் சொல்லி முடித்த அன்றிரவு மேடவாக்கம் முழுக்கத் தண்ணீர் லாரி வந்தது. எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை.