கண்ணாடி அறையின் மேசை

தேவாலயத்திலிருந்து நேரே வந்த களைப்பையும் பாராமல் இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் மகாயே ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் கொதிகலன் பிரிவுப் பெரியவர்களே! பிள்ளையை முதுகில் கட்டிப் பின்வரிசையில் நின்றாலும் பேச்சில் என்றும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத பொதிப்பிரிவுத் தாய்மார்களே! வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு எனக்கு முன்பே வந்து அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளர் நாயக்கர் அவர்களே! இந்த மேடையின் ஓரத்து நாற்காலியில் தலை கவிழ்ந்திருக்கும் எங்கள் உற்பத்தி மேலாளர் தோலகேலே குமேடே அவர்களே! உங்கள் அனைவருக்கும் பொதிப்பிரிவுச் சிபுயிலே செலேயின் பணிவான வணக்கம்.

நாளை திங்கட்கிழமை. தோலகேலே நம் சோப்பு ஆலைக்குள் வருவாரா, வரமாட்டாரா? அதைச் சொல்லப் போவது முதலாளி அல்ல. நீங்கள்!

சட்டம் வந்தது. கறுப்பினத்தாரை ஒதுக்காதே, உயர்த்து என்றது. உயர்த்தினார்களா? உயர்த்தினார்கள். எங்கே உயர்த்தினார்கள்? வாசலை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த அறையில் உயர்த்தினார்கள்! சட்டப்படி நடக்கிறோமா என்று ஆலைக்கு மதிப்பெண் போட வரும் அதிகாரி காரைவிட்டு இறங்கியதும் கண்ணில் பட வேண்டுமல்லவா? பொதிப்பிரிவில் என் பக்கத்தில் நின்று பெட்டி ஒட்டிய பெண், வேலை முடிந்த பிறகு படித்துப் படித்துப் பட்டம் வாங்கிய பெண், பட்டப்பகலில் காட்சிப்பொருளாய் அமர்ந்தாள். சோப்பு கொதிப்பதோ கொல்லைப்பக்கம். அங்கே, ஓய்வு பெற்றும் ஓயாத பழைய மேலாளர், வெள்ளைக்கார விட்மோர் ஐயா, ஆலோசகர் என்ற பெயரில் பழைய அறையிலேயே இருந்தார். கேட்க வேண்டியதெல்லாம் அவரிடம் போனது. வாழ்த்து அட்டைகள் மட்டும் இவரிடம் வந்தன.

போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கொப்பரையின் அழுத்தமானி முள் சிவப்புக்கு ஏறியதைத் தோலகேலே பார்த்தார். ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். நாயக்கர் என்ன சொன்னார்?

"இரும்மா, பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

பெரியவர் விட்மோர் அன்று கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். தொலைபேசியை யார் எடுப்பது? தோலகேலே தானே போய்ப் பொத்தானை அழுத்தினார். ஆலை நின்றது. அப்புறம் பார்த்தால், கோளாறு முள்ளில்தான், கொப்பரையில் இல்லை. குழாய்க்குள் இருந்த சோப்பு முழுவதும் கல்லாய் இறுகிப் போயிற்று.

யாரது அங்கே? "அந்தக் கல்லைச் சுரண்டினது நாங்கதானே"ன்னா கேக்குறே? நானும் சுரண்டினேன் தம்பி! இதோ பாரு, என் நகத்தை!

முதலாளி கூப்பிட்டார். "பதவி இருக்கட்டும், அறை இருக்கட்டும். இனிமே எதை நிறுத்துறதுன்னாலும் விட்மோரைக் கேட்டுட்டு நிறுத்தும்மா" என்றார்.

"அப்ப நான் எதுக்கு சார்?" என்று கேட்டார் தோலகேலே.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். சோளக் களியை முன்னால் வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நான் பண்ணினது தப்புதான். ஆனா 'தோலைப் பார்த்துக் குடுத்த வேலை, இப்படித்தான் இருக்கும்'னு பேசுறாங்களே, அது முதலாளி வீட்டுப் பேச்சு இல்லக்கா. நம்ம வரிசையிலேயே பேசுறாங்க. நம்ம ஆளுங்களுக்கே நான் வேணாம்னா, திங்கக்கிழமை நான் வரல."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை, நண்பர்களே! ஆத்திரம் வந்தது. உங்கள்மேல் வந்தது! கண்ணாடிப் பொம்மை என்று அவருக்குப் பெயர் வைத்தது முதலாளியா? இந்தக் கூடத்தில் இருக்கும் வாய்தானே வைத்தது!

ஒன்று கேட்கிறேன். விட்மோர் ஐயா காலத்தில் சோப்பில் காரம் கூடிப்போய், ஊரில் பாதிப் பேருக்குக் கை வெந்ததே, மறந்துவிட்டதா? லாரி லாரியாய்ச் சோப்பு திரும்பி வந்ததே, மறந்துவிட்டதா? அன்றைக்கு நம்மில் ஒருவராவது, வெள்ளைக்காரனுக்குச் சோப்புக் காய்ச்சத் தெரியாது என்று சொன்னோமா? அவர் தவறு அவரோடு போயிற்று. அவர் இனத்தின் தலையில் ஏறவில்லை. ஆண்டு இறுதி விருந்தில், இறைச்சி சுட்டுக்கொண்டே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாமும் சேர்ந்து சிரித்தோம். தவறு நடந்த மறுநாளே அதே நாற்காலியில் அமர்ந்தார், திருத்தினார், தேர்ந்தார்.

தோலகேலேக்கு மட்டும் ஏன் ஒரே தவறில் ஓர் இனமே தோற்றுப் போகிறது? உயர்வு என்றால் என்ன? உயரமான நாற்காலியா? உள்ளூர் நாளிதழில் படமா? இல்லை! முடிவெடுக்கும் உரிமை. அந்த முடிவு தவறினால், தலைகுனியாமல் மறுநாள் வந்து அதைத் திருத்தும் உரிமை. அந்த உரிமையில்லாத பதவியை எனக்குத் தந்தாலும் நான் வாங்க மாட்டேன். எனக்கு யாரும் தரப் போவதில்லை, அது வேறு விஷயம்! சிரிக்காதீர்கள், பெட்டி ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஆகவே ஒரு வேலை வைத்திருக்கிறேன். கண்ணாடி அறையில் இருக்கும் அந்த மேசை கனமான மேசை. நாளை காலை வேலை தொடங்குமுன் அதைத் தூக்கிக் கொப்பரைக்கு அருகே வைக்கப் போகிறோம். முதலாளி கேட்டால், எங்கள் மேலாளர் வேலை நடக்கும் இடத்தில் இருக்கட்டும் என்று சொல்வோம். தூக்க ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?

கொதிகலன் பிரிவு, நன்றி! பின்வரிசைத் தாய்மார்களே, பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்! கல்லைச் சுரண்டினதைப் பற்றிப் பேசின தம்பி, நீயுமா? நாயக்கர் ஐயா, உங்க கையா அது? முதுகு வலின்னு சொன்னீங்களே!

"வலிதான்மா. ஒரு முனையை மட்டும் பிடிக்கிறேன்."

பிடியுங்கள் ஐயா, பிடியுங்கள்! ஒரு முனை போதும்.

நேரம் தந்த தலைவருக்கும், பொறுமையாய்த் திட்டு வாங்கிய உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

தோலகேலே, தலையைத் தூக்கு. எழுந்து இந்தப் பக்கம் வாம்மா. மேசையை எந்த இடத்துல வைக்கணும்னு நீதான் சொல்லணும். தப்பான இடத்தைச் சொன்னாலும் அங்கேயே வைப்போம். தப்புன்னு உன்கிட்டயே வந்து சொல்லுவோம்.

வணக்கம்!