உள்பக்கம் திறக்கிற கதவு

ஆமா தம்பி, பாத்ரூமுக்குப் புதுக் கதவுதான். எனக்கு மட்டும் கண்ணு இல்லையா? மாட்டி மூணு மாசம்கூட ஆகல. அதைக் கழட்டிட்டு, வெளிப்பக்கமாத் திறக்குற மாதிரி வேற கதவு போடணும். போன்லயே சொன்னேன்ல? இங்க வந்து நின்னுக்கிட்டு நல்லாத்தானே இருக்கு, நல்லாத்தானே இருக்குன்னு அதைத் தடவிக் குடுக்குறீங்க. மாடா அது?

இதையே திருப்பி மாட்டுறதா? வேணாம். இது வேணாம்னா வேணாம்தான். ஏன் எதுக்குன்னு கேட்டுத்தான் வேலை செய்வீங்களோ?

தையல் மெஷின்ல இடிக்குமா? இடிக்கட்டுமே. முப்பது வருஷமா இடிச்சதுதானே. இந்த வீட்டுல வெளிச்சம்னு ஒண்ணு வர்றது இந்த நடையில, அந்த ஜன்னல் வழியாத்தான். அதனால மெஷினை இங்கயே போட்டுக்கிட்டேன். பழைய கதவு வெளியிலதான் திறக்கும். எங்க வீட்டுக்காரர் குளிச்சிட்டு வரும்போதெல்லாம் என் முழங்கையில டம்முனு ஒண்ணு விழும். தையல் கோணிக்கிட்டுப் போயிடும். நான் கத்துவேன். ஒரு குரல் குடுத்துட்டுத் திறந்தா வாயில இருக்கிற முத்தா கொட்டிடும்னு கேப்பேன். அந்த மனுஷன் தலையைத் துவட்டிக்கிட்டே சிரிப்பாரு. சிரிச்சா எனக்கு இன்னும் ஏறும்.

உள்ள போய்ப் பாருங்க. பரவால்ல, செருப்போடயே போங்க. வெள்ளையா இருக்கே அந்தச் சுவரு, அது பழைய டைல்ஸ் மேலயே அடிச்ச பெயிண்ட். அடியில கரும்பச்சை. எங்களுக்கு முன்னாடி இருந்த புண்ணியவான் யாரோ ஒட்டிட்டுப் போனது. காலையில பல்லு விளக்கப் போனா, பாசி பிடிச்ச தொட்டிக்குள்ள எறங்குன மாதிரி இருக்கும். மாத்துங்க மாத்துங்கன்னு நான் கேக்காத நாள் இல்ல. ரிட்டையர் ஆகட்டும்னாரு. ஆனாரு. சரி, ஒரு ஆளைக் கூப்பிடலாம்னா, ஆளு எதுக்கு, நான் எதுக்கு இருக்கேன்னு கொத்தனார் கரண்டியைத் தூக்கிட்டாரு. கஞ்சப் பிசினாறி!

அந்த வாஷ்பேசின் ஏதோ ஒரு ஓட்டலை மூடும்போது பழசா வாங்கினது. கண்ணாடி எங்க பீரோக் கதவுல இருந்தது. தரையைப் பாருங்க, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சாம்பல். டிசைன்னு நினைச்சீங்கல்ல? அதெல்லாம் ஒண்ணுமில்ல. கடையில மிஞ்சிக் கிடந்ததை அள்ளிக்கிட்டு வந்தாரு. எந்தக் கலரும் முழுசா பத்தல. மாத்தி மாத்தி ஒட்டிட்டு, கேக்குறவங்ககிட்ட டிசைன்னு சொல்லிக்கோன்னாரு. இடுக்குல எல்லாம் வெள்ளைச் சிமெண்ட் அடைக்கிறதுக்கு என் பல்லு பிரஷ்ஷை எடுத்துட்டாரு. பழசுதானேன்னாரு. பழசா? முந்தின வாரம் வாங்கினது தம்பி அது!

நல்லா வந்திருக்கா? வந்திருக்கு. நான் இல்லைன்னு சொன்னேனா? நல்லா வந்திருக்கிறதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

புதுசா வாங்கினது இந்தக் கதவு ஒண்ணுதான். தண்ணி பட்டாலும் ஊறாத பலகையாம். மூணு கடை ஏறி எறங்கினாரு. மூணு கை வார்னிஷ் அடிச்சாரு. ரெண்டாவது கை வார்னிஷ் காயறதுக்குள்ள நான் தெரியாம தொட்டுட்டேன்னு ஒரு நாள் பூரா என்கூடப் பேசல. அப்புறம் உள்பக்கமாத் திறக்குற மாதிரி மாட்டிட்டு, இனிமே உன் முழங்கைக்கு விடுதலைன்னாரு. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினதுல இந்த ஒண்ணாவது காதுல ஏறிச்சேன்னு, நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்.

என்ன முகத்தைச் சுளிக்கிறீங்க? சின்ன பாத்ரூம்ல கதவு உள்ள திறக்கக் கூடாது, அதானே? தெரியும். இப்பத் தெரியும். ஆனா அவருக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷம் லிப்ட் மெக்கானிக் தம்பி அவரு. ஆயுசு பூரா கதவோடதான் மல்லுக்கட்டினாரு.

எவனாவது லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டா முதல் போன் இவருக்குத்தான் வரும். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் கையை உதறிட்டு ஓடுவாரு. ஓடுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு பாட்டு பாடுவாரு பாருங்க, எனக்கே மனப்பாடம். கதவை நெம்பாதீங்க. உடைக்காதீங்க. உள்ள இருக்கிறவங்களைப் பதற விடாதீங்க, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க, நான் வந்துட்டே இருக்கேன். இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. அதுல பெருமை வேற.

டீ ஆறிடப் போகுது, குடிங்க. சக்கரை போதுமா?

போன மாசம் ஒரு நாள், பதினோரு மணி இருக்கும். இந்த ஸ்டூல்லதான் உக்காந்து ஸ்கூல் யூனிபார்ம் தச்சுக்கிட்டு இருந்தேன். உள்ள தொம்முனு சத்தம். என்னாச்சுன்னு கேட்டா, நெஞ்சை அடைக்குதுடிங்கிறாரு. தாழ்கூடப் போடல. தள்ளுறேன், கதவு வரல. கதவுக்கு அந்தப் பக்கம் குறுக்க விழுந்து கிடக்குறாரு. தள்ளினா அவர் விலாவுலயே இடிக்குது, ஐயோன்னு கத்துறாரு. பழைய கதவா இருந்திருந்தா ஒரு இழுப்பு தம்பி. ஒரே ஒரு இழுப்பு.

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். என் சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரர் கடப்பாரையோட ஓடி வந்தாரு. வந்த வேகத்துல ஓங்கிட்டாரு. உள்ளேருந்து இவரு, உடைக்காதீங்க, புதுக் கதவு, வண்டி வந்துடும், பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கங்கிறாரு. குரல் தெளிவாத்தான் இருந்துச்சு. ஊருக்கெல்லாம் சொன்ன ஆளு, தெரியாமலா சொல்லுவாருன்னு நினைச்சேன். நான்தான் கடப்பாரையைப் பிடிச்சேன். மாடி வீட்டுக்காரர் கையிலேருந்து பிடுங்கி, சத்தம் வராம கீழ வச்சேன்.

வச்சிட்டு இதோ, நீங்க நிக்கிறீங்கல்ல, அந்த இடத்துல உக்காந்து பேச்சுக் குடுத்தேன். என்ன பேசினேன்னு நினைக்கிறீங்க? பல்லு பிரஷ்ஷுக்குச் சண்டை போட்டேன். எந்திரிச்சு வந்ததும் புதுசு வாங்கித் தர்றேன்னாரு. என்ன கலர்னு கேட்டேன். நீலம்னாரு. எனக்கு நீலம் வேணாம்னேன். அதுக்குப் பதில் வரல.

வண்டியும் வந்துடுச்சு. அதுல வந்த ஒல்லியான ஆளு ஒருத்தர் வெளியில சுத்திப் போயி, பாத்ரூம் வென்டிலேட்டர் ஜன்னல் கண்ணாடியைக் கழட்டிட்டு உள்ள எறங்கினாரு. ஆஸ்பத்திரியில டாக்டர் நாடியைப் பாத்துட்டு, ஒரு பத்து நிமிஷம் முன்னாடி தூக்கியிருந்தா அப்படின்னு ஆரம்பிச்சாரு. என் மூஞ்சியைப் பாத்துட்டு மிச்சத்தைச் சொல்லல.

டம்ளரைக் கீழ வைக்காதீங்க, குடிங்க. துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் வந்து அழுதுட்டுப் போயாச்சு. உங்களை வேலைக்குத்தான் கூப்பிட்டேன். நான் ஒருத்தி, எனக்கு வெளிய திறக்குற கதவு வேணும், அவ்வளவுதான். மெஷினை அந்த ரூமுக்குள்ள தள்ளிடுங்க. வெளிச்சம் இல்லாட்டி லைட்டைப் போட்டுக்கிறேன்.

என்னது? பதமா ஸ்க்ரூ எடுத்து, ஒரு கீறல் விழாமக் கழட்டித் தர்றீங்களா, வேற யாருக்காவது ஆகுமா?

பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க. அதுல இப்பவும் ஒரு கீறல் இல்ல.

பையில சுத்தியல் இருக்குல்ல? எடுங்க. உடைங்க. இந்த வாட்டி நான் கையைப் பிடிக்க மாட்டேன்.