இடி தனியாகத்தான் பாடும்

அத்தான்: நிறுத்து, நிறுத்து. மறுபடியும் என்னை மாதிரியே பாடற மாப்ள.

மைத்துனன்: நான் என்னை மாதிரிதான் அத்தான் பாடுனேன்...

இன்ஜினியர்: தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இந்தப் பக்கம் கண்ணாடிக்கு வெளிய உக்காந்து கண்ணை மூடிட்டுக் கேட்டா அப்படியே இடி சார்தான். கடைசி வார்த்தையை ஒரு கரகரப்போட விடறீங்களே, அது கூட அவரோடது.

அத்தான்: கேட்டுக்கோ. இந்த ஸ்டுடியோவுல எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள். என்னைப் பழகாதவருக்கே தெரியுது.

இன்ஜினியர்: பழகாதவனா? ஸ்கூல் படிக்கும்போதே என் ரூம் சுவத்துல நீங்கதான் சார். கிதாரைத் தரையில அடிச்சு உடைப்பீங்களே, அந்தப் படம்.

மைத்துனன்: அது அட்டைக் கிதார்.

அத்தான்: மாப்ள!

மைத்துனன்: இல்ல... அக்கா சொல்லிருக்கா.

அத்தான்: இதான் பிரச்சினை. ஊரே "இடி"ன்னு கொண்டாடற ஒரு ராக் பாடகன், தன்னோட வேலையெல்லாம் தள்ளி வெச்சுட்டு, மச்சானோட முதல் ஆல்பத்துக்குத் தயாரிப்பாளரா வந்து உக்காந்திருக்கான். மச்சான் அட்டையப் பத்திப் பேசறான். செருப்பைக் கழட்டு.

மைத்துனன்: எதுக்கு?

அத்தான்: பாதம் மண்ணைத் தொடணும். குரல் அங்கிருந்துதான் ஏறி வரும்.

மைத்துனன்: இது மூணாவது மாடி அத்தான். கீழ பல் டாக்டர்.

இன்ஜினியர்: ஹஹ்... சாரி சார்.

அத்தான்: சிரிங்க. எனக்கென்ன. நாளைக்குப் பத்திரிகையில "இடியின் நகல்"னு தலைப்புப் போடுவான், அப்ப இவன் அழுவான்.

மைத்துனன்: போடட்டும். மத்த பாட்டையெல்லாம் போன ஸ்டுடியோவுலயே நீங்க சொன்ன மாதிரி மாத்திப் பாடிட்டேன். இது பாப்பாவுக்காக எழுதுன பாட்டு. இதை மட்டும் எனக்கு வர்ற குரல்ல விட்டுடுங்க. வேற ஒண்ணும் கேக்கல.

இன்ஜினியர்: பாப்பா உங்க பொண்ணாண்ணே?

மைத்துனன்: ஆமா. தினம் இவர் பாட்டைப் போட்டாத்தான் தூங்குவா. நான் கூடவே பாடுனா, "அப்பா, மாமா மாதிரிப் பாடாதீங்க"ன்னு காதைப் பொத்திக்கிறா.

இன்ஜினியர்: குழந்தைக்கே தெரியுது பாருங்க! நானும் போன வருஷம் மைதானத்துல சாரோட மழைப் பாட்டுக்கு அழுதேன். நடுவுல ஒரு இடத்துல குரல் உடையும்... என்ன உணர்ச்சி சார் அது!

மைத்துனன்: சளி.

இன்ஜினியர்: என்னது?

மைத்துனன்: அன்னிக்கு... வீட்டுல எல்லாருக்கும் சளி.

அத்தான்: உணர்ச்சிதான் தம்பி. மாப்ளைக்கு அது புரிய நாளாகும்.

இன்ஜினியர்: எனக்கு ஒண்ணு தோணுது சார். நீங்களே இதுல ஒரு வரி பாடிக் காட்டுங்களேன். வித்தியாசம் என்னன்னு அண்ணனுக்குப் பட்டுனு புரிஞ்சுடும்.

அத்தான்: இப்பவா?

இன்ஜினியர்: ஒரே ஒரு வரி சார்.

அத்தான்: நான் சும்மா வாயைத் திறக்கறதில்ல. சுரம் உள்ள ஊறணும். மாப்ள, இந்த வாட்டி மூக்கால பாடு.

மைத்துனன்: மூக்காலயா?

அத்தான்: தொண்டையை விட்டுடு. பூரா மூக்கு. ஓடவிடுங்க தம்பி.

இன்ஜினியர்: ஓடுது சார்... ம்... ம்ம்... முடிஞ்சுது.

அத்தான்: எப்படி இருந்துச்சு?

இன்ஜினியர்: உண்மையைச் சொல்லணுமா? மூக்கடைச்சவர் போன்ல பேசற மாதிரி இருக்கு. ஆனா உங்க சாயல் சுத்தமா இல்ல.

அத்தான்: அதான்! கண்டுபுடிச்சுட்டோம் மாப்ள! இத்தனை வருஷம் உனக்குள்ள ஒளிஞ்சிருந்தது இதுதான். இதையே வெச்சுக்கங்க தம்பி, மத்த டேக் எல்லாம் அழிச்சிடுங்க.

மைத்துனன்: முதல் டேக்கையாவது வையுங்க... அத்தான், அதை மட்டும்...

அத்தான்: அழிங்க.

இன்ஜினியர்: அழிச்சாச்சு சார். அப்புறம் கடைசிச் சரணம் பாக்கி. கம்பெனிக்காரங்க கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, நாலு வரியாவது இடி சார் குரல் இருந்தாத்தான் ஆல்பம் வெளிய வருமாம். அண்ணன் பேரைப் போட்டா யார் வாங்குவான்னு கேக்கறாங்க... கோச்சுக்காதீங்கண்ணே.

மைத்துனன்: கோவம் எதுக்கு. நியாயம்தானே.

அத்தான்: நான் பாடிடறேன். நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க தம்பி.

இன்ஜினியர்: ஐயோ, அந்தப் பழக்கம் தெரியும் சார். "இடி தனியாத்தான் பாடும்"னு எல்லா ஸ்டுடியோவுலயும் சொல்லுவாங்க. அண்ணன் மட்டும்...?

அத்தான்: அவன் இருக்கட்டும். வெந்நீர் எடுத்துக் குடுக்க ஆள் வேணும்.

இன்ஜினியர்: குடுத்து வெச்சவர்ணே நீங்க! இந்த சிவப்புப் பொத்தானை அமுக்குனாப் பதிவாகும் சார். நான் வரேன்.

மைத்துனன்: ... போயிட்டான்.

அத்தான்: தாழ்ப்பாள் போட்டியா?

மைத்துனன்: போட்டாச்சு. அத்தான், ஒரே ஒரு பாட்டு கேட்டேன்.

அத்தான்: அதை உங்க அக்கா முகத்தைப் பாத்துக் கேளு.

மைத்துனன்: அவளை ஏன் இழுக்கறீங்க?

அத்தான்: நானா இழுத்தேன்? ஆஸ்பத்திரி வராண்டாவுல உன் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதது அவதானே.

மைத்துனன்: ஆறு மாசம் மட்டும் பாடிக் குடுன்னு சொன்னா.

அத்தான்: டாக்டரும் ஆறு மாசத்துல குரல் வந்துடும்னுதான் சொன்னாரு. என் தொண்டை கேக்கல. இப்ப நீ வெளிய போய் வாயைத் திறந்தா, முதல்ல தெருவுல நிக்கப் போறவ உங்க அக்கா.

மைத்துனன்: தெரியும். அதனாலதான் கேட்டுப் பாத்தேன். கேக்காமயே எடுத்துக்கல.

அத்தான்: மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. உன் பேர் அட்டையில பெருசா வரும். நான் பாத்துக்கறேன்.

மைத்துனன்: பாப்பா கேட்டா, கடைசியில மாமா வந்த அப்புறம்தான் பாட்டுக்கு உயிரே வந்துச்சுன்னு சொல்லுவா.

அத்தான்: சொல்லட்டுமே, குழந்தை சந்தோஷப்பட்டாச் சரி. வா, சிவப்பு விளக்கு எரியுது, மைக் முன்னால நில்லு... மூக்கால பாடித் தொலைக்காத. இது என்னோட சரணம். உன் சொந்தக் குரல்ல பாடு.