பூட்டிய தொட்டி

— இந்த நோட்டீஸை என் பன்னிங்ககிட்டயே காட்டு பௌரோ. படிச்சுட்டு அதுங்களே நடையைக் கட்டும்.

— சிரிக்கிற நேரமா மரேத்தாக்கா இது? கிணத்துக்கும் கொட்டிலுக்கும் நடுவுல ஆறடி கூட இல்ல. அந்தத் தண்ணியைக் குடிச்சு இந்த வளவுல மூணு புள்ளைங்க ஆஸ்பத்திரியில கிடக்குது. ஒண்ணு உங்க பேத்தி.

— அதை நீ வந்து சொல்லணுமா? அவளுக்கு ஊசி குத்தினப்ப கையைப் பிடிச்சிருந்தவ நான்தாண்டா.

— அப்புறம் என்னக்கா பிடிவாதம்?

— வேற எங்க கட்டுவேன், சொல்லு? நம்ம தராவாத் தீவே நாலு தென்னை அகலம். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் உப்பங்கழி. நான் வந்தப்ப இங்க ரெண்டே வீடு. இப்போ பதினொண்ணு! ஒனோட்டோவாத் தீவுலருந்து கப்பல் வர்றப்பெல்லாம் ஒரு சொந்தக்காரன் பாயைச் சுருட்டிக்கிட்டு வந்து 'புபுட்டி, கொஞ்சம் இடம் கொடு'ன்னு நிப்பான். புபுட்டின்னு சொந்தம் கேட்டா இல்லேன்னு சொல்ற வாய் எவனுக்கு இருக்கு?

— பன்னியையாவது வித்துடலாமில்ல?

— சின்னவ கல்யாணத்துக்கு வளர்க்குறது. அஞ்சு பன்னி இல்லாம சம்பந்தி முன்னாடி தலை நிமிர முடியுமா?

— சரி. இந்தா, நோட்டீஸைக் கிழிச்சுட்டேன். இப்போ நான் தண்ணி ஆபீஸ்காரன் இல்ல, உங்க சித்தி மகன். புபுட்டி, அக்கா. அந்தக் கொட்டில் இடத்தை எனக்குக் கொடுங்க.

— அடப்பாவி! என் வாயை வெச்சே என்னைக் கட்டிப்போட்டுட்டியே!

— பன்னிங்க புவோட்டாவுல என் மச்சான் நிலத்துல நிக்கும். அவன்கிட்டயும் கேட்டுட்டேன். கல்யாணத்துக்கு அஞ்சும் வந்து சேரும்.

— ம்... ஓட்டிக்கிட்டுப் போ. கிணறு எப்போ தெளியும்?

— ரெண்டு மழைக்காலமாவது ஆகும்.

— அதுவரைக்கும் புள்ளைங்க கடலையா குடிக்கும்? இரு, இரு. உன் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழ மழைத்தண்ணித் தொட்டி இருக்கில்ல? உன் பொண்டாட்டி பூட்டி வெச்சிருக்காளே, அது?

— இருக்கு.

— அப்போ நானும் கேக்குறேன். புபுட்டி. குடிக்க மட்டும், வீட்டுக்கு ஒரு வாளி. என்னடா, மூஞ்சி ஒரு மாதிரி போகுது? அழுறியா?

— சிரிக்கிறேன்கா. நானா கொடுத்தா அவ என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டா. சொந்தம் கேட்டுட்டா அவளாலயும் மறுக்க முடியாது. எப்போடா கேப்பீங்கன்னுதான் காலைலருந்து சட்டைப்பையில வெச்சுக்கிட்டுத் திரியறேன். இந்தாங்க, தொட்டிச் சாவி.