தீ மிதிக்க நேர்ந்த கால்

பருத்தித்துறை பஸ் கோப்பாயைத் தாண்டியதும், எனக்கு முன் சீற்றில் இருந்த இளம்பெண் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

“என்ரை காலை நெருப்பிலை வைக்கிறனெண்டு நேர்த்தி வைக்க நீங்கள் ஆரம்மா?”

பக்கத்தில் இருந்த தாய் குரலைத் தாழ்த்தினாள்.

“பாதத்திலை எலும்பு வெடிச்சு மாசக்கணக்காக் கிடந்தாய். சுகமானா நீ தீ மிதிப்பாய் எண்டு அம்மனுக்கு நேர்ந்தனான். சுகமாக்கித் தந்திட்டாவெல்லே?”

“தந்தவ திருப்பிச் சுடச் சொல்லுவாவே? வெள்ளிக்கிழமை தீ மிதிச்சிட்டு, அடுத்த கிழமை ஆசியப் போட்டியிலை எண்ணூறு மீற்றர் எந்தக் காலாலை ஓடுறது?”

“நேர்த்தி செய்யாமல் போய்த் தோத்தியெண்டா?”

“தோத்தா, நேர்த்தி செய்யாத குற்றம் எண்டுவியள். வெண்டா, அம்மன் தந்தது எண்டுவியள். அப்ப ஓடுறது ஆரம்மா?”