மூன்று அத்தைகள்

மகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் முருங்கைக்கீரையை மடியில் வைத்துக்கொண்டு அம்பகரத்தூரில் காரைக்கால் பஸ் ஏறினேன். எனக்கு எழுத்து தெரியாது, காது நன்றாகக் கேட்கும். முன் சீட்டில் ஒரு பெண், பக்கத்திலிருந்த கல்லூரி நூலகத்து அம்மாவிடம் சொன்னாள்.

"எங்க அத்தைய உங்க லைப்ரரி புத்தக லிஸ்ட்ல மூணு பேரா ஆக்கி வச்சிருந்தீங்களே மேடம்."

"கல்யாணத்துக்கு முன்னாடி எழுதுன புத்தகத்துல அப்பா இனிஷியல். அப்பறம் வீட்டுக்காரர் இனிஷியல். பிரான்ஸ்ல அச்சடிச்சதுல அப்பா பேரே குடும்பப் பேராயிடுச்சு. நாங்க என்னம்மா பண்றது?"

"அடுத்த வாரம் அத்தை வருது. தான் எழுதுனதெல்லாம் ஒரே பேர்ல பாக்கணுங்குது."

"பாக்கட்டும். நேத்தே மூணு பேரையும் ஒண்ணா சேத்துட்டேன்."

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"மூணும் நடவுப்பாட்டப் பத்தி. மூணுலயும், பாட்டு சொன்ன வரிச்சிக்குடி அஞ்சலைக்கு நன்றி போட்டிருக்காங்க."

"அஞ்சலையா? எங்க வயல்ல நடவு நட்டவங்க."

"அவங்களுக்கு யாரும் இனிஷியல் போடல. அதனால பேரு மாறவே இல்ல."

"அப்ப அவங்க பேரையும் லிஸ்ட்ல ஏத்துங்க மேடம்."

"ஏத்தியாச்சு. ஒரே ஆளாத்தான்."