நிந்தனை: பெயர்ச்சொல்

மெய்ப்புப் பார்ப்பவனுக்கு முதலில் போவது கண் என்பார்கள். எனக்கு இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை, ஐயா. நீங்கள் எழுதும் வாக்குமூலத்தை இங்கிருந்தே படிக்க முடிகிறது. 'முயற்சி'யில் ற்-க்குப் பின்னால் இன்னொரு ச் வேண்டாம்.

அகராதி அலுவலகத்தில் எங்கள் அறையில் இரண்டே பேர், நானும் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணும். அவள் சொல்லுக்குப் பொருளும் வேரும் எழுதுவாள். நான் எடுத்துக்காட்டு வாக்கியம் சேர்த்துப் பிழை திருத்துவேன். சேர்ந்து வேலை பார்த்த பதினோரு வருடமும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். என் மனைவியின் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் துணைக்கு இருந்தவளும் அவள்தான்.

'நிந்தனை' வந்த அன்று சொன்னாள்: "பாருங்கண்ணே, வேர்ல சாமியே இல்ல. பழிக்கிறது, அவ்வளவுதான். யாரைப் பழிச்சாலும் நிந்தனைதான். பின்னாடிதான் சாமிகிட்ட போய் ஒட்டிக்கிச்சு."

அப்படியே ஒரு சீட்டில் எழுதினாள். அதன் கீழே வர நான் தனிச் சீட்டில் ஒரு வாக்கியம் எழுதினேன்: 'வழிபாட்டின் நடுவே அவன் விட்ட கொட்டாவியும் நிந்தனை ஆயிற்று.' அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மாதிரிப் பக்கங்கள் அச்சாகி வெளியே போன ஒன்பதாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். அவள் அன்று நூலகம் போயிருந்தாள். மரியாதையானவர்கள்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒருவர் கொட்டாவி வரியில் விரலை வைத்தார்.

"சாமி கும்பிடுறதைக் கேலி பண்ணி இது யார் சார் எழுதினது?"

"தெரியல. பார்த்துச் சொல்றேன்."

"பாருங்க. நாளைக்கு வர்றோம். வீட்டுல பிள்ளைங்க சௌக்கியமா?"

அன்று இரவு வீட்டு வாசலில் யாரோ இருமியதற்குப் பிள்ளைகளை உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். பயந்திருக்கிறீர்களா, ஐயா?

அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவளுக்கு முன்பே போனேன். அந்த வாக்கியம் இருந்த சீட்டு என் கையெழுத்தில் இருந்தது. கிழித்து வாயில் போட்டு மென்றேன். புதுச் சீட்டில் அவள் கையெழுத்தில் எழுதினேன். பதினோரு வருடம் படித்த கையெழுத்து. அவளுடைய ககரத்துக்கு வால் கொஞ்சம் நீளம், அதையும் விடவில்லை.

மதியம் வந்தார்கள், இம்முறை நிறையப் பேர். முன்கூடத்திலேயே சீட்டைக் கொடுத்தேன். அவர்கள் பேரைத்தான் கேட்டார்கள். எந்த அறை என்று நானாகத்தான் சொன்னேன். அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அவர்கள் வராந்தாவில் நடக்கும்போதே கட்டடத்தைச் சுற்றி ஓடி, வெளியே தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் தப்பினால் அது தன் எழுத்தில்லை என்று சொல்லிவிடுவாளே.

"அண்ணே, திறங்கண்ணே. நீங்கதான்னு தெரியுது. அடியில உங்க செருப்பு தெரியுதுண்ணே."

காலை நகர்த்திக்கொண்டேன்.

சத்தம் அடங்கியதும் திறந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அது வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

ஆனால் ஒன்று, ஐயா. இத்தனை வருடத்தில் அவளைப் பழித்து ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை.